சாவி என்னிடம்

8.1.2025, இரவு

மதிப்பிற்குரிய டாக்டர் நாச்சியார் அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். கோர்ட்டில் காட்டாதீர்கள், போலீஸில் காட்டாதீர்கள். எங்கள் அப்பா வந்து கேட்டால் இப்படி ஒன்று வந்ததாகவே சொல்லாதீர்கள். படித்து முடித்ததும் எரித்துவிடுங்கள் என்று எழுத வந்தேன். அந்த வார்த்தை எனக்கு இப்போது பிடிப்பதில்லை. தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பில் அலுவலகக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது முதல் வரியில் அனுப்புநர் என்று போடவேண்டும், போடாவிட்டால் ஒரு மார்க் போய்விடும் என்று மிஸ் சொன்னார். ஒரு மார்க் போகட்டும். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உங்களிடம் மண்ணாங்கட்டி என்று ஒருவரைக் கோர்ட்டிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். எழுபத்திரண்டு வயது. மண்ணூரில் தொழிற்சாலைப் பையன்கள் தங்கும் பில்டிங்கில் வாட்ச்மேன். நாங்கள் பக்கத்து வீடு. போன செப்டம்பர் 24ஆம் தேதி காலையில் அங்கே மாடியில் தீப்பிடித்தது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த பத்தொன்பது பேர் மேலே தூங்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு கேட் வெளியில் பூட்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை. எதிர்ப்பட்டறைக்காரர் கட்டர் கொண்டுவந்து பூட்டை அறுப்பதற்குள் வேல்ராஜ் அண்ணன் புகையிலேயே இறந்துபோனார். சங்கரன்கோவில் பக்கத்து ஊர். இருபத்தொரு வயது.

பூட்டியது வாட்ச்மேன்தான், சாவியை எங்கேயோ வைத்து மறந்துவிட்டார் என்று கேஸ். அவரும் நான்தான் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் உங்கள் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். "டாக்டரம்மா பைத்தியம்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிது. கெழவனுக்கு ஜெயிலும் கெடையாது, நமக்கும் தொல்ல கெடையாது. ஆஸ்பத்திரில மூணு வேள சோறு போட்றாங்க, இன்னா கொற?" என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். அந்தத் தாத்தாவுக்கு வக்கீல் வைத்ததும் அப்பாதான். அந்த வக்கீல்தான் உங்கள் பெயரைச் சொன்னார். பில்டிங் எங்களுடையது. இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த வரியை அடித்தால் கடிதம் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அவர் பைத்தியம் இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டால் மண்ணாங்கட்டி என்பார். போலீஸ்காரர் ஒருவர், "யோவ், பேர கேட்டா இன்னாய்யா திட்ற?" என்று கேட்டாராம். அது அவர் பெயர்தான். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பேர் இறந்துபோனதால், இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பெயர். உங்கள் ஆஸ்பத்திரியிலும் யாராவது சிரித்திருந்தால் இனிமேல் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவரிடம் தேதி கேட்காதீர்கள், கிழமை கேட்காதீர்கள். அது அவருக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை. பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு ஒரகடம் போகும், எது திரும்பி வரும், எந்த டிரைவர் முனையில் ஹாரன் அடிப்பார், எவர் அடிக்கமாட்டார், எல்லாம் சொல்வார். அதை வைத்துத்தான் அவர் மணி பார்ப்பார். ஆஸ்பத்திரிக்குள் பஸ் வராது. அதனால்தான் குழம்பியிருப்பார்.

தயவுசெய்து அவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

பதில் எழுதுவதானால் உறையின் பின்னால் உள்ள மாரிசெல்வி அக்கா முகவரிக்கு எழுதுங்கள். அக்கா கோவில்பட்டிக்காரர், செல்போன் கம்பெனியில் வேலை. "ஏட்டி, நீ எழுது. தபாலு எம் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அப்பா தாழ்வாரத்தில் நடக்கும் சத்தம் கேட்கிறது. நான்கு மாதமாக அவர் தூங்குவதில்லை. விளக்கை அணைக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் போடாதவள்

17.1.2025

பெயர் போடாத மாணவிக்கு,

வணக்கம். உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. உடனே எழுதாததற்குக் காரணம் யோசனைதான், வேலை இல்லை.

நான் அதைக் கிழிக்கவில்லை, ஊறவைக்கவும் இல்லை. நீதிமன்றம் என்னிடம் ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கும்போது அவரைப் பற்றி வரும் எந்தத் தாளையும் நான் ஒளித்துவைக்க முடியாது. ஃபைலில் வைத்து, எப்போது வந்தது என்று குறித்திருக்கிறேன். இதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இனி எனக்கு எழுதும் ஒவ்வொரு வரியையும் நீதிபதி படிக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டு எழுது. அது வேண்டாம் என்றால் எழுதாதே. நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

"நன்றாக இருக்கிறார் என்று எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். நான் அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? நல்ல நினைவோடு இருக்கும் மனிதர் "நான்தான் பூட்டினேன்" என்று சொன்னதாக ஆகும். வழக்கு அதன் போக்கில் நடக்கும். அவர் வீட்டுக்கு வரமாட்டார். சித்தம் சரியில்லை என்று எழுதினாலும் வரமாட்டார். வழக்கு நிற்கும், அவர் இங்கேயோ இதுபோன்ற ஓர் இடத்திலோ இருப்பார், பூட்டியது அவர்தான் என்பது அப்படியே நிலைத்துவிடும்.

என்னிடம் கேட்டிருப்பவை இரண்டு. வழக்கைப் புரிந்துகொண்டு தன் பக்கத்தைச் சொல்லும் நிலையில் அவர் இப்போது இருக்கிறாரா? அந்தச் செப்டம்பர் காலையில் அவர் மனம் எப்படி இருந்தது? பூட்டியது யார் என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, தினமும் அவரைப் பார்த்தவர்கள் எனக்கு வேண்டும். இதுவரை எனக்குக் கிடைத்தவர் உன் அப்பா ஒருவர்தான்.

பஸ் யோசனைக்கு நன்றி. கேட்டேன். அரை மணி நேரம் பேசினார்.

இன்னொன்று. நீ 'சா' எழுதும்போது காலை நீட்டி மேலே ஒரு சுழி போடுகிறாய். அந்தச் சுழியை நான் பதினைந்து நாளாக வேறொரு நோட்டில், பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த நோட்டு என்று சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரியும் என்றால் தெரியும்.

அன்புடன்,
டாக்டர் நாச்சியார்

20.1.2025, இரவு

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபம். யாரிடமும் காட்டாதீர்கள் என்று கெஞ்சினால் ஃபைலில் போட்டுத் தேதி குறித்திருக்கிறீர்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா என்ன என்று கேட்டாள், பிசிக்ஸ் என்று சொன்னேன். பிறகு உங்கள் கடிதத்தை நான்காவது தடவை படித்தபோது, நீங்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது. நான்கு மாதத்தில் பெரியவர்கள் யாரும் எனக்கு இப்படி எழுதவோ பேசவோ இல்லை. அதனால் எழுதுகிறேன். நீதிபதி படிப்பதானால் படிக்கட்டும்.

அந்த நோட்டை எழுதியது நான்தான்.

அதைக் கேட் ரிஜிஸ்தர் என்போம். வாட்ச்மேன் மணிக்கு ஒருமுறை அதில் எழுத வேண்டும். எங்கள் பில்டிங்குக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் போட்ட சட்டம். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை, நேரம் போட்டு, "கேட் சரி. சாவி என்னிடம்" என்று எழுதி, கையெழுத்து. ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தாத்தா ஒருநாள், "பாப்பா, கண்ணு மங்கலா கீது, நீ எழுதிக் குடேன்" என்றார். எழுதிக்கொடுத்தேன். நாலைந்து மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, கண்ணில் ஒன்றுமில்லை. தூரத்தில் வரும் பஸ் நம்பரைப் படிப்பார். நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்துவிட்டால், எதற்குப் பிடித்தோம் என்பது போய்விடும். ஒரே விஷயத்தை மூன்று தடவை கேட்பார். "மோட்டர் போட்டனா பாப்பா?" "போட்டீங்க தாத்தா." "மோட்டர் போட்டனா?"

அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார். மோட்டார் ரூம்தான் அவருக்கு வீடு. வேறு போக இடமில்லை. அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மணிக்கு ஒருமுறை நான் ஓடிவர முடியாது, பள்ளிக்கூடம் இருக்கிறது. எனவே தினமும் சாயங்காலம் உட்கார்ந்து மறுநாளுக்கான பன்னிரண்டு வரியையும் மொத்தமாக எழுதிவைத்துவிடுவேன். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். அதையும் அப்போதே போட்டுவிடுவார். மாத முடிவில் கான்ட்ராக்டர் ஆள் வந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்க ரிஜிஸ்தர்தான்யா சூப்பரு, மத்த பில்டிங்ல எல்லாம் கோழி கிறுக்கலு" என்பார். தாத்தா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். ஐந்து ரூபாய் மிட்டாய் எனக்கு.

24ஆம் தேதிக்கான பக்கத்தை நான் 23ஆம் தேதி சாயங்காலம் எழுதினேன். தீப்பிடித்தது பதினொன்று நாற்பதுக்கு. ஆனால் அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு மணிக்கு கேட் சரி, சாவி என்னிடம். ஒரு மணிக்கு கேட் சரி, சாவி என்னிடம். ஆறு மணி வரைக்கும் சரி, சரி, சரி. அப்போது அவர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார், டாக்டர் அம்மா. ஸ்டேஷனில் இருப்பவர் எப்படி கேட்டில் எழுதுவார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு பையன் செத்துக் கிடக்கும்போது சரி சரி என்று எழுதியிருக்கிறான், ஒன்று கல்நெஞ்சன், இல்லை பைத்தியம் என்று ஊரெல்லாம் பேச்சு. மாரிசெல்வி அக்காகூட என்னிடம், "அந்தக் கெழவன் எப்படிட்டி அப்பிடி எழுதுனான்?" என்று கேட்டார். நான் பாத்திரம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

சாவி அவரிடம் இருந்தது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சியாம். அது என்னுடைய பொய். அவருடையது இல்லை. தண்டனை உண்டு என்றால் எனக்குக் கொடுக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அவருக்கு மறதி உண்டு. நிறைய உண்டு. ஆனால் அவருக்கு மறந்துபோகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்ததால்தான் என்னிடம் வந்தார். பைத்தியக்காரர் அப்படி வருவாரா? மறப்பது குற்றமா? எங்கள் கெமிஸ்ட்ரி சார் எங்கள் பெயரையெல்லாம் மறக்கிறார். அவரை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

அன்று யார் பூட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பரீட்சைக்குப் போயிருந்தேன்.

இப்படிக்கு,
நோட்டு எழுதியவள்

1.2.2025

நோட்டு எழுதியவளுக்கு,

நீ எழுதியதை என்னால் சரிபார்க்க முடிந்தது. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே அவரிடம் பேனா கொடுத்து, "உங்களுக்குத் தோன்றுவதை ஒரு வரி எழுதுங்கள்" என்றேன். இது நாங்கள் எல்லோரிடமும் செய்யச்சொல்வது. எழுதிமுடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அது ரிஜிஸ்தரின் கையெழுத்து இல்லை என்பதைச் சொல்ல என்னைப்போல் ஒரு டாக்டர் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

இதுவரை ஆறு நாள், ஆறு விதமாக, "இந்த நோட்டை யார் எழுதியது?" என்று கேட்டிருக்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மறந்துபோகிறது. என் பெயர் மறந்துபோகிறது, "நர்சம்மா" என்கிறார். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆறு நாளும் ஒரே பதில்தான். "நாந்தான் எழுதுனேன். வேற யாரும் எழுதல."

அவர் எழுதிய தாளை மடித்து என் கையில் கொடுத்து, "இத பாப்பாகிட்ட குடுத்துடும்மா" என்றார். எந்தப் பாப்பா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூலத்தை நான் ஃபைலிலிருந்து எடுக்க முடியாது. அவர் உனக்கென்று கொடுத்ததால் அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"பாப்பா பரீச்சைக்கு போயிடுச்சி. அது எதயும் பாக்கல."

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. அவர் கொடுத்ததைக் கொடுத்துவிட்டேன்.

தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான். "பாப்பா பரீச்ச எழுதிச்சா?" எழுதினாள் என்று சொல்லிவருகிறேன். உண்மைதானே?

அறிக்கையில் என்ன எழுதப்போகிறேன் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் தேதி கையெழுத்திட்டு, பதின்மூன்றாம் தேதி நீதிமன்றத்தில் கொடுப்பேன். அவருக்குத் தனியாக, யாருடைய தயவிலும் இல்லாத ஒரு வக்கீலை அரசு செலவில் நியமிக்க வேண்டும் என்றும் கேட்கப்போகிறேன். அதை எழுதுவது என் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். இதற்குமேல் எழுதினால், நீ சொல்வதெல்லாம் நான் சொல்லவைத்தது என்பார்கள். அந்த ஆயுதத்தை யாருக்கும் கொடுக்க விருப்பமில்லை. நீ எழுதினால் படிப்பேன். பதில் வராது. அதை என் கோபம் என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்ளாதே.

சாட்சி சொல்லும் பிள்ளைகளைப் பாதுகாக்க ஏற்பாடு இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு தொலைபேசி எண்ணைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒழுங்காகச் சாப்பிடு. பிசிக்ஸ் என்று சொன்னால் எந்த அம்மாவும் நம்பமாட்டாள்.

அன்புடன்,
டாக்டர் நாச்சியார்

அனுப்புநர்
இ. சத்யப்பிரியா,
தந்தை பெயர் இனியவன்,
பதினொன்றாம் வகுப்பு,
மண்ணூர்.

பெறுநர்
டாக்டர் நாச்சியார் அம்மா அவர்கள்,
அவர்கள் வழியாக இதைப் படிக்க உரிமையுள்ள எல்லோரும்.

பொருள்: படிக்கட்டு கேட்டின் சாவி.

நாள்: 11.2.2025, அதிகாலை 4.10

அன்புள்ள டாக்டர் அம்மா,

ஒரு மார்க்கும் போகாதபடி எழுதியிருக்கிறேன், பாருங்கள். இதை எல்லோரிடமும் காட்டுங்கள்.

தாத்தா பொய் சொல்கிறார். நானும் போன கடிதத்தில் அதே பொய்யைச் சொன்னேன். ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். நான் பரீட்சைக்குப் போகவில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு அன்று மதியம்தான் பரீட்சை. நான் என் அறை ஜன்னலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் படிக்கட்டு கேட்.

அன்று கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தது. தங்கும் இடத்தைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள். ஓர் அறைக்கு நான்கு பேர் என்று காகிதத்தில் இருக்கும், பத்துப் பேர் இருப்பார்கள். ஆள் மாற்றி ஆள் ஒரே பாயில் தூங்குவார்கள். ஆடிட் வருகிறது என்றால் எங்கள் தெருவில் எல்லா பில்டிங்கிலும் இதைத்தான் செய்வார்கள். கூடுதல் ஆட்கள் இருக்கும் மாடியைப் பூட்டிவிட்டு, பெயின்ட் வேலை நடக்கிறது என்பார்கள். நைட் ஷிப்ட் பையன்கள் அசந்து தூங்குவதால் சத்தம் வராது. பத்தே முக்காலுக்கு அப்பா வந்து பூட்டினார். வாட்ச்மேன் ரூம் ஆணியில் தொங்கிய சாவியை அவரே எடுத்தார், பூட்டினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாத்தாவை வடை வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தார். ஆடிட்காரர்கள் கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். அப்பா அவர்களை டிபனுக்கு ஸ்ரீபெரும்புதூர் அழைத்துக்கொண்டு போனார். திறந்துவிட்டுப் போக மறந்துவிட்டார்.

மறந்தது அப்பா. அவரை யாரும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை.

புகை வந்ததும் தாத்தா ஓடிவந்தார். ஆணியைப் பார்த்தார், இடுப்பைத் தடவினார், மறுபடியும் ஆணியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்து, "பாப்பா, சாவி எங்க?" என்று கத்தினார். அவர் மறந்ததையெல்லாம் என்னிடம்தானே கேட்பார். மோட்டார் போட்டேனா, மருந்து சாப்பிட்டேனா, சாவி எங்கே. எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். அன்றும் எனக்குப் பதில் தெரியும். வாய் வரவில்லை, டாக்டர் அம்மா. அப்பாவிடம் என்ற ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மூன்று தடவை கேட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொல்லியிருந்தால் வேல்ராஜ் அண்ணன் பிழைத்திருப்பாரா, தெரியாது. அப்பா வந்துசேரக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் தாத்தா "நாந்தான்" என்று சொல்லியிருக்கமாட்டார். அப்பா திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும், "நீதான பூட்டுன? சாவிய எங்கய்யா வெச்ச?" என்று கத்தினார். தாத்தா அப்பாவைப் பார்த்தார். "நானா பூட்டுனேன்?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அய்யா சொன்னா அப்டித்தான் இருக்கும். அப்டீன்னா நாந்தான்" என்றார். நீங்கள் எழுத வேண்டியது இதைத்தான். அது அவருடைய ஞாபகம் இல்லை. எங்கள் அப்பா அவர் தலைக்குள் வைத்தது.

அன்று மதியம் அப்பாதான் என்னை வண்டியில் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டார். அவர் சட்டையில் புகை நாற்றம். பள்ளிக்கூட வாசலில், "நீ எதயும் பாக்கல. புரிதா?" என்றார். பிறகு, "உனக்காகத்தான் பாப்பா இந்த பில்டிங்க கட்னேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அப்பா கெட்டவர் இல்லை. வேல்ராஜ் அண்ணன் உடம்பை ஊருக்கு அனுப்பும்போது வேனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தே போனார். ஆனால் அதே வார்த்தையைத் தாத்தாவும் எழுதியிருக்கிறாரே. "அது எதயும் பாக்கல." அப்பா தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னார். தாத்தா என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார். என் பெயர் வெளியே வரக் கூடாது என்று ஆறு நாளும் மறக்காமல் ஒரே பொய்யைச் சொல்லத் தெரிந்தவரைப் பைத்தியம் என்று எழுதிவிடாதீர்கள். அவர் ஜன்னலில் என்னைப் பார்த்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு எதிர்த்தாற்போல் நின்று அவர் கேட்டதும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அதற்காக அவர் என்னைத் திட்டவில்லை. பரீட்சை எழுதினாளா என்று கேட்கிறார்.

எழுதினேன் என்று சொல்லுங்கள். பாஸ் என்றும் சொல்லுங்கள்.

சாவியைப் பற்றி. தீயில் எங்கோ விழுந்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். விழவில்லை. அந்தச் சட்டையைத் துவைக்கும்போது அம்மா எடுத்திருக்கிறாள். நேற்று உளுந்து எடுக்க டப்பாவுக்குள் கை விட்டேன், அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் அம்மா பின்னால் நிற்கிறாள். அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு டப்பாவை வாங்கி மூடி, "மாவு அரைக்கணும், சீக்கிரம் ஊற வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். அவளையே கேளுங்கள். சொல்வாள் என்று நினைக்கிறேன்.

போலீஸிடம் அறுத்த பூட்டு இருக்கிறது. இந்தச் சாவி அதில் சேரும். நுழைத்துப் பாருங்கள்.

மாரிசெல்வி அக்காவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். வேல்ராஜ் அண்ணனும் அக்காவும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்குப் போவார்கள். கேட்டுவிட்டு அக்கா, "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லட்டி" என்றார். ஆமாம் என்றேன். இனி முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தேன். "நாளைக்கு எனக்கு ஆஃப். தபால்ல போட வேண்டாம், நானே கொண்டுபோயிக் குடுக்கேன். அஞ்சு மணிக்கு ஒன் ஜன்னலுக்குக் கீழ நிப்பேன்" என்றார். அங்கேயிருந்து மெட்ராஸ் பஸ் பிடித்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்.

முதல் ஷிப்ட் பஸ் ஒன்று இப்போதுதான் போயிற்று. முனையில் ஹாரன் அடித்தது. தாத்தா இருந்தால் டிரைவர் பெயரைச் சொல்லியிருப்பார். நான்கு ஐம்பது.

வெறும் காகிதத்தைப் போட்டால் பறந்துபோய்விடும். சாவியை உள்ளே வைத்து, சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டால் நேராக விழும். ரப்பர் பேண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் ஒன்றுதான் சொல்ல வேண்டும். நான் எழுதிய அத்தனை பக்கத்திலும் "சாவி என்னிடம்" என்பது பொய். இன்றைக்கு ஒருநாள்தான் அது உண்மை. அதற்குக் கீழே தாத்தாவின் கையெழுத்து வேண்டாம், என்னுடையது போதும். யாராவது என் பெயரை எடுத்துவிடலாம் என்று உங்களிடம் வந்தால் விடாதீர்கள். அப்பாவே வந்து கேட்டாலும், நானே வந்து அழுதாலும்

செருப்புச் சத்தம். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

கீழே அக்கா நிற்கிறார். சிவப்பு துப்பட்டா தெரிகிறது.

கதவு தட்டுகிறார். "பாப்பா, இன்னா பண்ற? தொற." திறப்பேன். முதலில் ஜன்ன